அரக்கு காயும் வரை

பாட்டில்காரர் என்னை அடித்தது ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு அறையில் என் கடைவாய்ப் பல் ஒன்று கழன்று உள்ளங்கைக்கு வந்துவிட்டது. நான் சொன்னது உண்மை என்று தெரிந்ததால்தான் அவ்வளவு பலமாக அடித்தார். பொய் என்று நினைத்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

நான் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் ஜீப் ஓட்டுகிறவன். அவர் அங்கே தண்ணீர் மாதிரி எடுக்கிறவர். பட்டறைகளின் கழிவு வாய்க்காலில் சங்கிலி கட்டிய இரும்பு வாளியை இறக்கி, மேலே இழுத்து, இரண்டு பாட்டிலில் நிரப்பி, மூடி, நூல் சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை குத்துவார். ஒன்று எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு, இன்னொன்று பட்டறைக்காரனுக்கு. நாங்கள் தில்லுமுல்லு செய்துவிட்டோம் என்று நாளைக்கு அவன் சொல்லிவிடக் கூடாதே, அதற்காக. பத்தொன்பது வருஷமாக இதே வேலை. புதிதாக வந்த கிளார்க் ஒருவன் பட்டப்பெயரைக் கேட்டுவிட்டு இவரைக் குடிகாரர் என்று நினைத்து மூன்று மாதம் தள்ளியே உட்கார்ந்திருந்தான்.

எங்கள் அலுவலகச் சுவரில் பெரிய பலகை ஒன்று உண்டு. பத்து ஆண்டுகளில் தூய காற்று, தூய நீர், தூய நிலம் என்று எழுதி, கீழே வருஷா வருஷம் எட்ட வேண்டிய இலக்குகளைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கும். எட்டிய கட்டத்தில் பச்சைப் பொட்டு ஒட்டுவார்கள். பலகைக்கு மேலே சுற்றும் மின்விசிறியில் விரல் கனத்துக்குத் தூசி. குடிக்கிற தண்ணீரைக் கேனில் வெளியே வாங்குகிறோம். ஊருக்குத்தான் உபதேசம். ஆனாலும் பாட்டில்காரர் அந்தப் பலகையை நம்பினார். எனக்கு எரிச்சலே அதுதான். நம்புகிற ஆளோடு ஜீப்பில் போவது ஆபத்து. அடி விழும்போது அவன் ஓட மாட்டான், அதனால் நாமும் ஓட முடியாது.

அடி நிறைய விழுந்திருக்கிறது. ஒரு சாயப்பட்டறையில் அவரை வாய்க்காலுக்குள் தலைகுப்புறத் தள்ளினார்கள். மூன்று வாரம் நீலக் காதோடு வேலைக்கு வந்தார். ஒரு எண்ணெய் ஆலையில் நாயை அவிழ்த்து விட்டார்கள். கெண்டைக்காலில் ஒரு பிடி சதை போயிற்று. இன்னொரு இடத்தில் மண்வெட்டிக் காம்பு முறியும் வரை அடித்தார்கள். காம்போடு இரண்டு விலா எலும்பும் முறிந்தது. அவரும் கையைக் கட்டிக்கொண்டு வாங்குகிற ஆள் இல்லை. அந்த இரும்பு வாளியைச் சங்கிலியோடு சுழற்றினால் நாலு பேர் பத்தடி தள்ளித்தான் நிற்பார்கள்.

அவருக்கு ஒரு தம்பி. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, இவர்தான் அவனை வளர்த்தார். பெல்ட்டால் அடித்து வளர்த்தார். அடியாத மாடு படியாது என்பார். மாடு படியவில்லை; பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போய், குரோம் முலாம் பூசும் பட்டறையில் சேர்ந்துகொண்டது. குழாய்க்கும் கைப்பிடிக்கும் பளபளப்பு ஏற்றுகிற இடம். அங்கே தொட்டிகளிலிருந்து எந்நேரமும் ஆவி எழும். அதை வருஷக்கணக்கில் இழுத்தால் மூக்கின் நடுச்சுவர் அரித்துப்போய் ஓட்டை விழும். தம்பிக்கு விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அண்ணன் மகளைச் சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று, ஒரு நூலை வலது மூக்கில் விட்டு இடது மூக்கு வழியாக இழுத்துக் காட்டினான். நானும் அந்தப் பந்தியில் இருந்தேன்.

"பாரு பாப்பா, சித்தப்பா மந்திரவாதி."

பாப்பா வீறிட்டு அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடியது. பாட்டில்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டாலேயே அவன் மண்டையில் ஓங்கி அடித்தார். தட்டு வளைந்துவிட்டது.

"நாளையிலருந்து அங்க போன, காலை ஒடைச்சிடுவேன்."

"ஒடைச்சுக்கோ. இதை விட்டா எனக்கு வேற என்னண்ணே தெரியும்? உங்க ஆபீஸ்ல நாற்காலி போட்டு வச்சிருக்காங்களா எனக்கு?"

நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே மீதிச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அப்படி ஒரு பிறவி. இவனை நிறுத்த முடியாது, பட்டறையைத்தான் நிறுத்த வேண்டும் என்று பாட்டில்காரர் அன்றைக்கு என்னிடம் சொன்னார்.

ஆனால் அந்தப் பட்டறை மாட்டவே இல்லை. மூன்று வருஷமாக எடுத்த அத்தனை மாதிரியும் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. பின்பக்கத்து மண் மஞ்சள் பூத்துக் கிடந்தது, ஒரு புல் கிடையாது, பக்கத்துத் தெருக் கிணற்றில் மஞ்சள் தண்ணீர். வாய்க்காலில் ஓடுவது மட்டும் அள்ளிக் குடிக்கலாம் போல இருக்கும். அடுத்த மாதிரியும் சுத்தமாக வந்தால் பட்டறைக்கு ஐந்து வருஷ உரிமம் என்று மேலிடம் எழுதிவிட்டது. தம்பிக்கு அப்போதே இருமும்போது ரத்தம் வரத் தொடங்கியிருந்தது. ஐந்து வருஷம் அவன் தாங்க மாட்டான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சர் கடையில் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. பட்டறை ஆட்கள் இரண்டு பேர். நான் ஜீப்புக்கு அடியில் இருந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

"காலையில எட்டு மணிக்கு மந்திரவாதி வரலேன்னா பதினோரு மணிக்கு ஜீப் வரும். உடனே தொட்டி வால்வை மூடிட்டு நல்ல தண்ணியத் தொறந்துவிட வேண்டியதுதான். மூணு வருஷமா ஒரு தடவகூடத் தப்பினதில்ல."

"அவனுக்குத் தெரியுமா?"

"எங்க தெரியும்? லீவு போட்டாலும் சம்பளம் புடிக்கல, மொதலாளி தங்கம்னு சொல்லிட்டுத் திரியறான்."

மந்திரவாதி என்று அவர்கள் சொன்னது தம்பியைத்தான்; அந்த நூல் வித்தையைப் பட்டறையிலும் காட்டியிருக்கிறான். பாட்டில்காரர் அந்தப் பட்டறைக்குப் போகும் முந்தின நாள் சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு, நாளைக்கு வேலைக்குப் போகாதே என்று சொல்லிவிடுவார். காரணம் சொல்ல மாட்டார். அங்கே கைகலப்பு வந்தால் தம்பி எந்தப் பக்கம் நிற்பான்? அதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. இவ்வளவுதான் அவர் செய்த குற்றம். இதைச் சொன்னதற்குத்தான் என் பல் போயிற்று.

அடித்துவிட்டு ஜீப் படியில் உட்கார்ந்து அழுதார். பிறகு, "வாயைத் தொற, பாப்போம்," என்று என் தாடையைப் பிடித்தார்.

அடுத்த முறை அவர் தம்பியைக் கூப்பிடவில்லை. தம்பியின் லீவுதான் அவர்களுக்கு எச்சரிக்கை மணி, அது அடிக்காவிட்டால் முதலாளி ஏமாந்து போவான் என்று கணக்குப் போட்டார். அடிக்காத மணியை என்ன செய்வார்கள் என்று அவரும் யோசிக்கவில்லை, மகா புத்திசாலியான நானும் யோசிக்கவில்லை.

பதினோரு மணிக்குப் போய் இறங்கினோம். எங்களோடு வந்த அதிகாரி மேடம் முன்னறையில் முதலாளியோடு காகிதம் பார்க்க உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இருவரும் பின்பக்கம் போனோம். பட்டறை மேஸ்திரி பதறியடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தான். வாய்க்காலில் முட்டைக் கருவின் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில்காரர் வாளியை இறக்கினார். இரண்டு பாட்டிலும் நிரம்பின. அப்போது தம்பி ரப்பர் கையுறையோடு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே? நீ எங்க இங்க?"

மேஸ்திரி அவன் முகத்தைப் பார்த்தான், இவர் முகத்தைப் பார்த்தான். மாதிரிச் சீட்டில் கையெழுத்துக்காகப் பாட்டில்காரர் நீட்டிய பேனாவைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தான். தம்பியின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுத் தகரக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"இன்னைக்கு ஏன்டா வந்த, துரோகி நாயே? வீட்டுல கெடக்க வேண்டியதுதானே?"

"வேலைக்குத்தானேண்ணே வந்தேன்?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் உள்ளே பேச்சில்லை. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தம்பி அலறினான்.

பாட்டில்காரர் எழுந்துவிட்டார். கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். அதே நேரம் வாய்க்காலில் சளசளவென்று நல்ல தண்ணீர் வந்தது. யாரோ உள்ளே குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் வெளுத்துக்கொண்டே போயிற்று. இன்னும் ஒரு நிமிஷம் போனால் அந்தப் பட்டறையின் அழுக்கு இந்த உலகத்திலேயே அந்த இரண்டு பாட்டிலில் மட்டும்தான் இருக்கும். முத்திரை விழாவிட்டால் அதுவும் வெறும் சாக்கடைத் தண்ணீர்தான்.

அவர் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார்.

"மெழுகுவர்த்தியப் புடி."

"அண்ணே, தம்பி உள்ள..."

"புடிடா! அணைஞ்சுது, உன்னைக் கொன்னுடுவேன்."

பிடித்தேன். காற்று வீசியது, இன்னொரு கையால் மறைத்துக்கொண்டேன். அவர் அரக்கைச் சுடரில் காட்டினார். உள்ளே ஒரு அலறல். அரக்கு உருகி மூடிமேல் சொட்டியது. இன்னொரு அலறல். பித்தளை முத்திரையை வைத்து அழுத்தினார். அவர் முகத்தில் கண்ணீரும் சளியும் ஒன்றாக ஓடியது, துடைக்கக் கை இல்லை. ஒவ்வொரு அலறலுக்கும் உதடு அசைந்தது. வேண்டுகிறார் என்று நினைத்தேன். முதல் பாட்டில் முடிந்தது. இரண்டாவதை எடுத்தார். என் காலுக்கு ஓடத் தெரியும், கதவை உதைக்கத் தெரியும். நான் மெழுகுவர்த்தியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது பாட்டிலின் அரக்கு காய வேண்டும். காயாமல் தொட்டால் முத்திரை கலைந்துவிடும். அவர் அதன்மேல் ஊதினார். சூடான பாலை ஆற்றுகிற மாதிரி ஊதிக்கொண்டே இருந்தார், உள்ளே அவன் கத்திக்கொண்டே இருந்தான். பிறகு விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். காய்ந்துவிட்டது. கையெழுத்துப் போட மறுத்தார்கள் என்று சீட்டில் எழுதி, சாட்சிக்கு என்னிடம் நீட்டினார். போட்டேன்.

"ஜீப்புல வச்சுப் பூட்டு. யார் வந்தாலும் தொறக்காத."

வாளியின் சங்கிலியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு தகரக் கதவை உதைத்தார். மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

நான் பாட்டில்களைப் பூட்டிவிட்டு மேடத்தையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மேஸ்திரி தரையில் கிடந்தான். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது, பற்கள் வேறெங்கோ கிடந்தன. ஒருவன் கழுவுத் தொட்டிக்குள் விழுந்து கரையேற முடியாமல் கத்திக்கொண்டிருந்தான். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். பாட்டில்காரர் இன்னும் வாளியை மேஸ்திரியின்மேல் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிடித்து இழுத்தோம். தம்பி தொட்டி ஓரமாகச் சுருண்டு கிடந்தான். முலாம் போடுகிற சாமான்களைத் தொங்கவிடும் இரும்புக் கொக்கியால் அடித்திருக்கிறார்கள். இடது கண் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு மேடம் மயங்கி விழுந்தார்.

மாதிரியில் விஷம் வரம்பைப் போல முந்நூறு மடங்கு இருந்தது. ஒரே வாரத்தில் பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள். பின்பக்கத்து மஞ்சள் மண்ணை லாரி லாரியாகத் தோண்டி எடுத்தார்கள். பலகையில் நீருக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று என்று இரண்டு பச்சைப் பொட்டு ஏறியது. மேலதிகாரி எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். நான் அதைக் குப்பைக்கூடையில் போட்டேன். மேஸ்திரியை அடித்ததற்காகப் பாட்டில்காரர் மேல் வழக்கு. வேலையிலிருந்தும் தற்காலிகமாக நிறுத்திவிட்டார்கள்.

தம்பி பத்து நாள் அண்ணனிடம் பேசவில்லை. இவர் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து வைத்துவிட்டு வருவார். அவன் தொட மாட்டான். பதினோராவது நாள் நானும் கூடப் போயிருந்தேன். அவன் ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அன்னைக்கு என் சத்தம் வெளிய கேட்டுச்சாண்ணே?"

நான் பொய் சொல்ல வாயெடுத்தேன். பாட்டில்காரர் என்னைக் கையமர்த்தினார்.

"கேட்டுச்சு."

"எத்தன?"

"பதினொண்ணு."

அன்றைக்கு அவர் உதடு அசைந்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"பதினொண்ணு இல்ல, அடி பதிமூணு," என்றான் தம்பி. "மொத ரெண்டுக்கு நான் கத்தல. பல்லக் கடிச்சுக்கிட்டேன். கத்துனா நீ அப்படியே உள்ள ஓடி வந்துடுவ, உன்னையும் சேத்து அடிப்பாங்கன்னு பயமா இருந்துச்சு."

பாட்டில்காரர் எழுந்தார். ஆரஞ்சு உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. சுவர்ப் பக்கம் திரும்பி, நெற்றியை ஓங்கி மோதினார். படுக்கையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு முறை மோதினார். சுவரில் ரத்தம் ஒட்டியது. நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடிக்கப் பார்த்தேன்.

"விடுங்க டிரைவரண்ணே," என்றான் தம்பி, கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு அடி அவருக்குக் கொறஞ்சு போச்சில்ல."

மூன்றாவது முறை அவர் தலை சுவருக்குப் போவதற்கு முன் நான் பிடித்துக்கொண்டேன்.