நிறைந்தபடியே திரும்பும் பாட்டில்

செம்மநத்தத்திலிருந்து ஏற்காடு திரும்பும் பஸ்ஸில் இன்று மாலை என் பக்கத்தில் ஓர் எட்டாம் வகுப்பு மாணவி. எதிரே வந்த ஜீப்புக்கு வழிவிட்டு பஸ் நின்றதும், நிறைந்திருந்த தன் தண்ணீர் பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தாள்.

"ஏன் கண்ணு, நாள் முழுக்க தாகமே எடுக்கலையா?"

"குடிச்சா பாத்ரூம் போவோணுங்கக்கா. பள்ளிக்கூடத்துல அந்தக் கதவுக்குத் தாப்பா இல்லீங்க. சுகன்யாதான் வெளிய நின்னு புடிச்சுக்குவா. வயசுக்கு வந்ததும் அவளை ஊட்டுல நிறுத்திட்டாங்க."

"வேற பொண்ணுங்க?"

"எங்க வகுப்புல நாங்க ரெண்டே பேருதானுங்க."

"சரி, தண்ணியை ஏன் கொட்டுற?"

"அப்படியே கொண்டுபோனா அம்மா ஏன்னு கேக்குமுங்க. சொன்னா என்னையும் நிறுத்திருவாங்க."

அந்தக் கதவில் தூய்மை பற்றி ஒரு வாசகம் எழுதியிருக்கிறதாம். எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்றாள்.

அவள் நிறுத்தத்தில் வேறு யாரும் இறங்கவில்லை.

ஏற்காடு கடைவீதியில் ஒரு தாழ்ப்பாள் கேட்டேன்.

"உள்பக்கத்துக்குங்களா, வெளிப்பக்கத்துக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

உள்பக்கத்துக்குத்தான். வெளிப்பக்கத்துக்கு இதுவரை ஒரு தோழி இருந்தாள்.

தாழ்ப்பாள் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. இதைப் பொருத்த யாரிடம் அனுமதி வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த வாசகத்தை எழுதச் சொன்னவரிடமே கேட்கலாமா?