காயாத தாது

தராசுக்காரிக்கு மூக்கு நுனியில் கோபம். சுரங்க ஆலையின் சோதனை அறையில் பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. ஈரத் தாதை எடை போட்டு, தட்டில் பரப்பி, நூற்றைந்து டிகிரிச் சூட்டடுப்பில் காயவைத்து, திரும்ப எடை போடுவாள். குறைந்த எடைதான் தண்ணீர். மறுபடி உள்ளே வைத்து எடுத்தும் எடை இறங்கவில்லை என்றால்தான் எண்ணை எழுதுவாள். அதற்கு முன்னால் ஆண்டவனே வந்து கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டாள்.

நூற்றுக்குப் பத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் தாதை அடியில் திறக்கும் ஆழமான தொட்டியில் கொட்டக்கூடாது. சுவரில் அப்பிக்கொண்டு கீழே இறங்காது. அப்புறம் ஒரு ஆள் கடப்பாரையோடு உள்ளே போய் இடிக்கவேண்டும். அந்த ஆள் அவள் புருஷன்.

மழை விட்ட மறுநாள் காலை, தட்டை உள்ளே வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மேற்பார்வையாளர் வந்து, தானே தட்டை வெளியே இழுத்து எடை போட்டார்.

"எட்டுதான் வருது. கையெழுத்துப் போடு."

"இன்னும் ஆவி பறக்குது, கண்ணு தெரியலையா சார்? முழுசா காஞ்சா பதிமூணுக்குக் குறையாது."

"வெளிய லாரி வரிசையா நிக்குது. உங்கிட்ட பாடம் கேக்க வரல."

"போட மாட்டேன்."

அவர் அவள் கூந்தலைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார். உதடு கிழிந்து குறிப்பேட்டில் ரத்தம் சொட்டியது. அவள் கையெழுத்தைத் தானே கிறுக்கிவிட்டு, போனில் "கொட்டுங்கடா" என்றார். அவள் கையுறையை மாட்டினாள். கொதிக்கும் தட்டைத் தூக்கி அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அலறல் கேட்டு ஓடிவந்த காவலாளிகள் அவளை வாசலறையில் அடைத்து, திமிறியபோதெல்லாம் தடியால் அடித்தார்கள். அரை மணி கழித்து ஒருவன் கையைக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டுத் தொட்டிக்கு ஓடினாள். தொட்டி ஏற்கெனவே அடைத்துவிட்டது, புருஷன் உள்ளே. அவள் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை இழுத்த அதே நொடியில் சுவரில் அப்பியிருந்த தாது பாளமாகச் சரிந்தது. ஆறு பேர் நகம் பெயரத் தோண்டினார்கள். உயிர் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே கூழாகிவிட்டது.

அந்தக் காலை வெட்டி எடுத்த மூன்றாம் நாள் முதலாளி சொல்லி அனுப்பினார்: மேற்பார்வையாளரிடம் மன்னிப்புக் கேட்டால் வேலை நிலைக்கும்.

"கேட்டுடு புள்ள," என்றான் புருஷன், கட்டிலில் கிடந்தபடி. "ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா வயித்துக்கு என்ன பண்றது?"

அவன் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தோடுதான் போனாள்.

முதலாளி பக்கத்தில் நிற்க, மேற்பார்வையாளர் கன்னத்தில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார்," என்றாள். "அன்னிக்கு அவசரத்துல ஒண்ணோட நிறுத்திட்டேன்."

கட்டின் மேலேயே முஷ்டியை இறக்கினாள். நாற்காலியோடு அவர் மல்லாந்தார். வேலை அங்கேயே போனது. புருஷனிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினாள். கை வலித்தது, ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.