மஞ்சள் இலைக்குள் வந்த பட்டாம்பூச்சி

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் சொந்தமாக ஓட்டு வீடு போட்டுக் குடிவந்தோம். என் மனைவி கம்மாபுரத்துத் தாய்வீட்டிலிருந்து விதைமஞ்சள் கொண்டுவந்து கிணற்றடியில் ஊன்றினாள். புது வீட்டின் முதல் பொங்கல் பானைக்கு அந்த மஞ்சளைத்தான் பச்சை இலையோடு கட்ட வேண்டும் என்பது அவள் ஆசை.

ஐப்பசி மழையில் இலைகள் ஓரம் வெட்டுப்பட்டு, பீடி போலச் சுருண்டன. ஒன்றைப் பிரித்தவள் உள்ளே வெள்ளை மாவைப் பார்த்தாள். நான் பீங்கான் கம்பெனியில் களிமண் பிசைகிறவன். உடம்பெல்லாம் வெள்ளைத் தூளோடுதான் வீடு திரும்புவேன்.

"கை கழுவாம செடியத் தொட்டீங்களா? கம்பெனி மாவு உள்ள கெடக்குது!"

"எலைய சுருட்டுறதுதான் எனக்கு வேலையா?"

மாவை ஊதினேன். அடியில் மெலிந்த பச்சைக் கூடு ஒன்று; மாவு அதன் பூச்சுதான். அடுத்த சுருளில் கருந்தலைப் புழு, இலையை நூலால் தைத்துக்கொண்டு படுத்திருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "பூச்சிப் பவுடரு தூவிடு தங்கச்சி" என்றார்.

"சாமி பானையில கட்டறதுக்கா? வேணாங்கக்கா."

எனக்கோ சஷ்டி விரதம். கொல்ல மனம் வரவில்லை.

"அப்ப கொளஞ்சியப்பர் கோயில்ல புழு மேல பிராது எழுதிக் கட்டிட்டு வாங்க" என்று மனைவி சிடுசிடுத்தாள்.

குறையைச் சீட்டில் எழுதி முருகனிடம் முறையிடும் அந்தக் கோயிலில் நான் பிராது கட்டவில்லை. முருகனை வேண்டிக்கொண்டு, புழு இருந்த சுருள்களை மெல்லக் கிள்ளிக் கடைசிச் செடியில் செருகினேன். இந்தச் செடி உங்களுக்கு, மற்றதெல்லாம் சாமிக்கு என்று புழுக்களிடம் சொல்லவும் செய்தேன். குங்குமம் தெறித்தாற்போல இலையில் முட்டை தெரிந்தால் அதற்கும் அதே இடம்தான். கூட்டை மட்டும் விளிம்பு உடைந்த பீங்கான் கோப்பையில் வைத்தேன்.

ஒரு நாள் விளக்கேற்றும் நேரத்தில் கூடு பிளந்தது. கரும்பழுப்புப் பட்டாம்பூச்சி, சிறகில் பெரிய வெள்ளைத் திட்டு.

"றெக்கையிலயும் கம்பெனி மாவப் பூசிக்கிட்டு வந்திருக்குது பாருங்க!" அவள் சிரித்தாள். அது மற்றப் பட்டாம்பூச்சிகளைப் போல மிதக்கவில்லை. வெடுக்கென்று தாவிப் பறந்தது.

மார்கழிக்குள் மற்ற செடிகள் புது இலை விட்டன. பொங்கலன்று பச்சைக் கொத்தோடு, ஓட்டை விழுந்த கடைசிச் செடியையும் அவள் பிடுங்கி வந்தாள்.

"இது எதுக்கு?"

"இருக்கட்டுங்க. மத்ததக் காப்பாத்துனது இதானே."

நடுவில் வைத்துக் கட்டினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது.