அண்ணன் தேடிய அறை

எங்கள் அண்ணன் குடியால் இறந்தார். நினைவு மலரில் அதை எழுத வேண்டாம், உடல்நலக் குறைவு என்று போட்டால் போதும் என உறவினர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். அண்ணி ஒப்பவில்லை. "அவரு மறைச்சுக்கினு வாழல. நாம எதுக்கு மறைக்கணும்?" என்றார். ஆகவே தங்கையாகிய நான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

படப்பையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் சிற்றூரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே காலமானதால் படிப்பை விட்டு லேத் பட்டறைக்குப் போனார். என்னைப் படிக்கவைத்து ஊரப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தவர் அவரே. உடம்பு அலுப்புக்கென்று தொடங்கிய குடி பட்டறை வேலையைக் கொண்டுபோனது. பிறகு ரத்த வாந்தி. மருந்து மட்டும் போதாது, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குத் தவறாமல் போக வேண்டும் என்றார் தாம்பரத்து டாக்டர்.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கூட்டத்துக்கு எங்கே போவது? சுகாதார நிலையத்தில் அண்ணன் தணிந்த குரலில் விசாரித்ததை, அங்கிருந்த ஊழியர்கள் வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழும்படி திருப்பிக் கேட்டார்கள். ஊரே சிரித்தது. கடைசியில் தாம்பரத்தில் ஒரு தேவாலயத்தின் பின்பக்க அறையில் கூட்டம் நடப்பது தெரியவந்தது. முதல்முறை போய்வந்தவர் என்னிடம், "அங்க யாரும் என்னைத் திட்டலம்மா" என்றார்.

ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்திலெல்லாம் ஒயின் ஷாப் இருந்தது. அண்ணி கூடப் போன நாட்களில் கூட்டத்துக்குப் போனார். தனியாகப் போன நாட்களில் போய்ச் சேரவே இல்லை. மழைக்காலத்தில் மறுபடி ரத்தம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தாம்பரம் போற வழியே எனக்கு எமன். நம்ம ஊர்லயே நாலு பேர் உட்கார ஒரு இடம் கிடைச்சா பிழைச்சுப்பேன்."

அந்த இடத்துக்காக அண்ணி ஏறாத வாசல் இல்லை. குடிகாரர்கள் கூடும் இடம் என்ற பெயர் வந்துவிடும் என்று எல்லோரும் கைவிரித்தார்கள். டயர் கடை பாய் மட்டும் மறுகேள்வி கேட்காமல் கடையின் பின்னறைச் சாவியைக் கொடுத்தார்.

ஞாயிறு மாலை கூட்டம் என்று அண்ணன் தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒருவரும் வரவில்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படித்தான். உள்ளே நுழைந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் எல்லோருக்கும். அடுக்கிய டயர்களுக்கு நடுவே அண்ணனும் அண்ணியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அண்ணன் தான் குடித்த கதையைச் சொல்ல, அதுவரை அறியாததையெல்லாம் அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டார். வீட்டுக்கு வந்து தனியாக அழுதார்.

பல வாரம் கழித்து, அண்ணனோடு சேர்ந்து குடித்த கொத்தனார் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"என்னால முடியல மச்சான். கை நடுங்குது, சாந்துக் கரண்டி பிடிக்க முடியல."

"எனக்கும் முடியல. வா, உட்காரு," என்றார் அண்ணன்.

பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். அதற்கப்புறம் அண்ணன் சாகும்வரை குடிக்கவில்லை. ஆனால் கல்லீரல் அதற்கு முன்பே கெட்டுவிட்டிருந்தது. வயிறு வீங்கி, பசி அடங்கி, தண்ணீர்கூட இறங்காத நிலையிலும் பாயிடம் ஆள் அனுப்பி, அறையைத் திறந்தார்களா என்று விசாரித்தார். நாங்கள் வேண்டாத தெய்வமில்லை. அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

எடுப்பதற்கு முன், வழக்கம்போலத் தூக்குகிறவர்களுக்குச் சரக்கு வாங்க ஆள் கிளம்பியது. அண்ணி எழுந்து வந்து தடுத்தார். குடிக்காமல் யார் தூக்குவார்கள் என்று ஒருவர் கேட்டார். பின்னறையில் கூடியவர்கள் நான்கு பேர் முன்னே வந்து பாடையைத் தூக்கினார்கள்.

சாவி தந்த பாய்க்கும், வழிகாட்டிய டாக்டருக்கும், தாம்பரத்தில் அண்ணனைத் திட்டாமல் உட்காரவைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கூட்டத்துக்கு வருகிறவர்களின் பெயரை வெளியில் சொல்வதில்லை என்பதால், அண்ணனைச் சுமந்த அந்த நால்வரின் பெயரை இங்கே அச்சிட முடியாது. இந்த மலர் அவர்கள் கையிலும் இருக்கிறது. அவர்களுக்கு எங்கள் கண்ணீர் கலந்த நன்றி.