பாய்லர்காரரைத் திறந்து பார்த்த வருஷம்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர்தான். ஆனால் அந்த லாண்டரியில் நீராவி அவர் பேச்சைக் கேட்டுத்தான் குழாய்க்குள் போகும், வரும். ஆஸ்பத்திரி, விடுதி என்று ஊரிலுள்ள அழுக்குப் படுக்கை விரிப்பெல்லாம் வந்து குவிகிற பெரிய லாண்டரி. பதினாலு வயதில் அங்கே துணி வண்டி தள்ள வந்தவர், முப்பத்தொரு வருஷமாக பாய்லர் அறைச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறார். லைசென்ஸ் பரீட்சையில் எழுத்து தகராறு செய்தபோது, "கேளுங்க, வாயால சொல்றேன்" என்று மூன்று அதிகாரிகளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு வந்தவர். என்ஜினியர்கள் நாலு பேர் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு தேடிய கசிவை, குழாயில் காதை வைத்தே கண்டுபிடித்தவர். சும்மா சொல்லவில்லை. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்ப்பார். எத்தனை அழுத்தம், எவ்வளவு தண்ணீர் என்று லாக் புத்தகத்தில் எழுதுவார். வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லரை அணைத்து, ஆறவைத்து, திறந்து, குழாய்களில் ஒட்டிய சுண்ணாம்பைச் சுரண்டி எடுப்பார். இன்ஸ்பெக்டர் வந்து டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

அவருக்குள்ளே மட்டும் ஐம்பத்தாறு வருஷமாக யாரும் டார்ச் அடித்ததில்லை. அதுவும் அவருக்குப் பெருமைதான்.

"ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சதில்ல. விரிப்பு வெளுத்துக் குடுக்கறதோட சரி" என்பார்.

"ஒரு நாளைக்கு ஏழு டீ. ஒவ்வொண்ணுலயும் மூணு ஸ்பூன் சக்கரை. உள்ள ஜாம் காய்ச்சிக்கிட்டு இருக்கும்" என்பாள் மனைவி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் நிர்வாகம் கட்டையைப் போட்டது. ஐம்பது தாண்டியவர்கள் உடம்பு சரியாக இருக்கிறது என்ற டாக்டர் சீட்டு இல்லாமல் பாய்லர் அறைக்குள் தனியாக நிற்கக் கூடாது, சீட்டு வராதவர்களுக்கு ஸ்டோரில் வேலை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். ஸ்டோர் என்றால் சோப்புத்தூள் மூட்டைக்குக் காவல். முப்பத்தொரு வருஷம் நெருப்பை மேய்த்த மனிதர் சோப்புத்தூளுக்குக் காவலா?

அவர் பயந்தது ஊசிக்கு அல்ல, சாவிக்கு. சாவி போனால் அது அடுத்த ஷிப்டில் நிற்கிற மச்சானிடம் போகும். மனைவியின் தம்பி. பதினாறு வருஷமாக அவரிடம் வேலை பார்த்தும் இன்னும் 'கத்துக்குட்டி' என்ற பட்டத்தைத் தாண்டாதவன்.

"பயப்படாதீங்க மாமா. நான் பாத்துக்கறேன்" என்றான் அவன்.

"நீ பாத்துக்குவேன்னுதான்டா பயமே."

ஆனால் நம்ம ஆளுக்கு இன்ஸ்பெக்ஷன் புதிதா? இன்ஸ்பெக்டர் வருகிற வாரம் பாய்லருக்கு என்ன செய்வாரோ அதையே தனக்கும் செய்தார். நாலு நாளைக்கு டீயை நிறுத்தினார். சோற்றை நிறுத்தினார். வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, அடி வால்வைத் திறந்து அழுக்கை வெளியேற்றுவது போல மணிக்கொரு தடவை பாத்ரூமுக்கு ஓடினார். ஐந்தாம் நாள் காலையில் முடி வெட்டி, மீசைக்குக் கறுப்புப் பூசி, புதுச் சட்டை போட்டுக்கொண்டார்.

"பெயின்ட் அடிச்சாச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"இனி எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் வரட்டும்."

கிளினிக்கில் ஒரு நர்ஸம்மா. ஐம்பது வயது, கணீர்க் குரல். ரத்தம் எடுத்தார். ஒரு சின்னக் கப்பை நீட்டி நிரப்பச் சொன்னார். நாலு நாளாகத் தண்ணீர் குடித்த மனிதர், கப் போதவில்லை என்று வெளியே வந்து இன்னொன்று கேட்டார்.

"அண்ணே, இது போதும். கல்யாண வீட்டுக்கா சமைக்கப்போறோம்?" என்றார் நர்ஸம்மா. பிறகு பேனாவை எடுத்தார். "முப்பது வயசுல பிரஷர் பாத்திருக்கீங்களா?"

"முப்பதுல பொண்ணு பாத்தேன்."

"நாப்பதுல சக்கரை?"

"மளிகைக் கடையில பாத்தேன்."

"அம்பதுல?"

"அம்பதுல பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தேன். எனக்கு என்னம்மா கொறச்சல்?"

"ராத்திரி எத்தனை தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருப்பீங்க?"

இவ்வளவு நேரம் பாய்ந்த குதிரை அங்கே நின்றது. "அதெல்லாம் பொம்பளைங்க கேக்கற கேள்வியா?"

"பொம்பளை கேட்டா நின்னுடுமா? எத்தனை?"

"மூணு, நாலு" என்றார் சுவரைப் பார்த்து.

கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினார்கள். நூற்று எழுபத்தெட்டு. பாய்லர்காரர் சிரித்தார். மீட்டர் ஏறிக் காட்டினால் முதலில் மீட்டரைச் சந்தேகப்படு என்பது அவர் தொழிலில் முதல் பாடம்.

"உங்க மீட்டர் தப்பு. இதைக் கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க? சீட்டு எங்க?"

நர்ஸம்மா மெஷினைத் திருப்பிக் காட்டினார். பின்னால் சீட்டு ஒட்டியிருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்தார். பிறகு நர்ஸம்மா தன் கையிலேயே பட்டையைச் சுற்றிக்கொண்டார். நூற்றுப் பதினெட்டு. மறுபடி அவர் கையில். நூற்று எழுபத்தாறு. பாய்லராக இருந்தால் இந்நேரம் சேஃப்டி வால்வு ஊளையிட்டிருக்கும்.

"சரி, அதை விடுங்க. சக்கரை எப்படி?" என்றார். வெள்ளரிக்காய் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மதியம் ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை கச்சிதமாக இருந்தது. அவர் மீசையில் கை போனது.

"இது சரி. ஆனா கீழ பாருங்க, ஒன்பது புள்ளி நாலு. ஏழுக்குள்ள இருக்கணும்" என்றார் நர்ஸம்மா.

"அது என்ன கணக்கு?"

"மூணு மாசமா உங்க ரத்தத்துல எவ்வளவு சக்கரை ஓடுச்சோ அது இதுல ஒட்டிக்கிட்டு இருக்கும். நாலு நாள் பட்டினி கிடந்துட்டு வந்தாலும் இது மாறாது." கடைசி வாக்கியத்தை மீசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"லாக் புத்தகம் மாதிரியா?"

"எந்தப் புத்தகமோ. பொய் எழுத முடியாத புத்தகம்."

மீசையிலிருந்த கையைப் பாய்லர்காரர் இறக்கினார். பதினோரு வருஷத்துக்கு முன் ஒருவனை அவர் வேலையைவிட்டுத் துரத்தியிருக்கிறார். மீட்டரைப் பார்க்காமலே எட்டு மணி நேரத்துக்கான எண்ணையும் ஒரே மூச்சில் எழுதிவைத்தவன் அவன். எண்களெல்லாம் ஒரே அளவில், ஒரே மையில், அழகாக இருந்ததே அவனைக் காட்டிக்கொடுத்தது. காலில் விழுந்தவனை அன்று தூக்கிக்கூட விடவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அதுவரை பாய்லர் அறையில் தனியாக நிற்கச் சீட்டு இல்லை.

வாசலில் மச்சான் காத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினான். "மாமா, முக்குல ஒரு கிளினிக் இருக்கு. கையைக்கூடத் தொட மாட்டாங்க, அஞ்சு நிமிஷத்துல கையெழுத்து. சாவி உங்ககிட்டயே இருக்கும்."

சொன்னவன் யார்? அந்தச் சாவி கைக்கு வரப்போகிறவன். பாய்லர்காரர் அவனை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார்.

"பாக்காமயே எழுதுவாங்களா?"

"ஆமா மாமா."

"எட்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சுலயா?"

அவனுக்கு அது புரியவில்லை. அவர் இடுப்பிலிருந்து சாவியை உருவினார். கொடுக்கும்போது கை கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, மச்சான் இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

"மணிக்கொரு தடவை பாக்கணும். பாத்துட்டுத்தான் எழுதணும்" என்றார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, புதுச் சட்டையோடு ஸ்டோருக்குப் போய் சோப்புத்தூள் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

அந்த மூன்று மாதமும் அவரை வீட்டில் வைத்துக்கொண்டிருந்த மனைவிக்குத்தான் மெடல் கொடுக்க வேண்டும். சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு, "துணி கொதிக்க வச்ச தண்ணி" என்று திட்டுவார். திட்டிவிட்டு முழுவதையும் குடிப்பார். காலையில் ஒரு மணி நேரம் நடப்பார், வழியில் பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தி எத்தனை சுற்று முடித்தேன் என்று சொல்வார். ஒரு பழைய லாக் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரஷர், எடை, நடை என்று கட்டம் போட்டார். கடைசிக் கட்டத்துக்கு 'ராத்திரி எழுந்தது' என்று தலைப்பு.

"இதையுமா எழுதுவாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி.

"ரீடிங்ல வெக்கம் பாக்கக் கூடாதுடி."

மூன்று மாதம் கழித்து ஏழு புள்ளி இரண்டு. பிரஷர் நூற்று முப்பத்திரண்டு. "இன்னும் கொஞ்சம் இறங்கணும்" என்று சொல்லிக்கொண்டே சீட்டை நீட்டினார் நர்ஸம்மா. இப்படி ஒரு பேஷன்ட்டை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தார் பாய்லர்காரர்.

நேராகப் பாய்லர் அறை. மச்சான் மறுபேச்சில்லாமல் சாவியை நீட்டினான். அவர் வாங்கவில்லை. முதலில் லாக் புத்தகத்தைப் பிரித்தார். மூன்று மாதத்துப் பக்கங்கள். ஒரு நாள் நீல மை, ஒரு நாள் கறுப்பு. எண்கள் ஏறியும் இறங்கியும் கோணல்மாணலாக இருந்தன. ஒரு பக்கத்தில் வியர்வை சொட்டி எட்டாம் மணிக் கட்டம் கரைந்திருந்தது, பக்கத்திலேயே திரும்ப எழுதியிருந்தான். அவர் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். அதற்குப் பிறகுதான் சாவியை வாங்கி இடுப்பில் செருகினார்.

"பரவால்லடா" என்றார். பதினாறு வருஷத்தில் அவன் வாங்கிய முதல் நற்சான்று அதுதான்.

மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். தொப்பையும் சேர்ந்து குலுங்கியது. அவர் பார்வை அந்தத் தொப்பையிலேயே நின்றது.

"உனக்கு என்ன வயசு இப்ப?"

"நாப்பத்தொண்ணு மாமா. ஏன்?"

"நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாம வாசல்ல வந்து நில்லு. ஒரு நர்ஸம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கு ஒண்ணுமில்லையே மாமா!"

"அதைத்தான்டா நானும் சொன்னேன்" என்றார் பாய்லர்காரர். மீட்டரைப் பார்த்துவிட்டு, அந்த மணிக்கான கட்டத்தில் எழுதினார். "வெள்ளரிக்காய் தின்னுட்டு வராத. அந்தம்மா கண்டுபிடிச்சிரும்."