கண்டாக்கு ஒடித்த முனை

எங்கள் கத்திகளின் முனையைப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வைத்துத்தான் ஒடித்தார்கள். சாராயக் கடை வாசலில் தோட்டத்தின் அடுத்த டிவிஷன்காரர்கள் இரண்டு பேர் மல்லுக்கட்டியபோது ஒருவன் மடக்குக்கத்தியை விரித்துவிட்டானாம். அதற்காக எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்த மடக்குக்கத்தி அத்தனையும் காலையில் பெரட்டுக்கு வர வேண்டும் என்று தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார். வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா குறட்டோடு நின்றார். ஒவ்வொரு கத்தியாக விரித்து, நுனியைக் குறட்டில் பிடித்து, பட்டென்று ஒடித்துத் திருப்பிக் கொடுத்தார். தேயிலையைக் கவ்வாத்து வெட்ட முழ நீளக் கத்தியை ஆண்கள் கையில் கொடுத்து மலைக்கு அனுப்புகிறவர்கள், பாக்கு வெட்டும் கத்தியைக் கண்டு நடுங்கினார்கள். ஓட்டும் இல்லை, நாடும் இல்லை என்று எங்களை ஆக்கி வைத்திருந்த காலம் அது. கடைசியில் கத்தி முனைக்கும் வந்துவிட்டார்கள்.

என்னுடையது கொம்புப் பிடி போட்ட கத்தி. அட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானா கடையில் நானே பார்த்து வாங்கியது. லயத்தில் எந்தப் பெண்ணின் காலில் முள் ஏறினாலும் என்னிடம்தான் வருவாள். எனக்குக் கை நடுங்காது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்துவிடுவேன். எங்களில் ஒருத்திக்கும் காலில் போடச் சப்பாத்து கிடையாது. கவ்வாத்து வெட்டிய மலையில் விறகுக்கு மிலாறுக் குச்சி பொறுக்கப் போனால், வெட்டுப்பட்ட குச்சி பாதத்தில் ஆணி மாதிரி இறங்கும். ஊசி அதற்கு வளைந்துபோகும். கத்தி முனைதான் வேண்டும்.

முனை போன அந்த வாரமே, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த என் நாத்தனார் நொண்டிக்கொண்டு வந்தாள். குதிகாலில் மிலாறு ஏறி உள்ளேயே முறிந்திருந்தது. மொட்டைக் கத்தியால் கிளறினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளை இறுகப் பிடித்தாள். ரத்தம் வந்ததே தவிர குச்சி வரவில்லை. மறுநாள் கால் வீங்கிக் காய்ச்சலும் கண்டது. டிஸ்பென்சரியில் களிம்பு பூசி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

குழாயாகத் தண்ணீர் கொட்டும் பீலிக்கரைப் பாறையில் உட்கார்ந்து கத்தியைத் தேய்த்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். கவ்வாத்துக் கத்தியை எங்கள் ஆட்கள் எப்போதும் வெட்டும் பக்கத்தில்தான் தேய்ப்பார்கள். பார்த்துப் பார்த்து எனக்கும் அதே கைப்பழக்கம். வெட்டும் பக்கத்தையே மேல்நோக்கித் தேய்த்து, முதுகோடு சேர்த்து முனை கொண்டுவந்தேன். நல்ல முனைதான். ஆனால் மடக்கினால் முதுகுப் பக்கம்தானே வெளியே இருக்கும், முனை பிடிக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றது. சேலை மடியில் செருகிக்கொண்டு எழுந்ததுமே இடுப்பில் சுருக்கென்று குத்தியது. என் புத்தியை நானே திட்டிக்கொண்டேன்.

மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை வெட்டும் பக்கத்தைத் தொடவில்லை. முதுகை நுனிப் பக்கமாகச் சரித்துத் தேய்த்துக்கொண்டே வந்தேன், அது கீழே இறங்கி வெட்டும் விளிம்பைத் தொடும்வரை. சூடேறினால் இரும்பின் உரம் போய்விடும் என்பதால் பீலித் தண்ணீரை மேலே விழவிட்டேன். கத்தி ஒரு விரற்கடை குட்டையானது. மடக்கியபோது முனை பிடிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் நாத்தனாரின் குதிகாலிலிருந்து குச்சியை முழுசாக எடுத்தேன். பின்னாலேயே சீழ் வடிந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரையில் மொட்டைக் கத்திகளோடு பெண்கள் கூடிவிட்டார்கள். முதுகைத் தேய்க்கச் சொல்லிக் காட்டினேன். கண்டாக்குக்கும் செய்தி போய்விட்டது. திங்கட்கிழமை பெரட்டில் கேட்டார்.

"யாரு கத்திக்கு முனை வைக்கிறது?"

"நாந்தாங்க."

என் கத்தியை வாங்கி மறுபடி ஒடித்தார். "இனி முனையோட பாத்தேன், குடும்பத்தோட தோட்டத்த விட்டு அனுப்பிருவேன்."

"ஐயா, சப்பாத்தக் கழட்டிட்டு ஒரு நாளைக்கு எங்களோட மிலாறு பொறுக்க வாங்க. அதுக்கப்புறம் ஒடைங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்டாக்கின் முகம் சிவந்தது. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்கு வாய் சும்மா இருக்காதா? காம்பராவ விட்டு வெரட்டுனா எங்க போறது?"

அவர் பயந்தது நியாயம்தான். எங்களுக்குப் போக்கிடம் இல்லை. போக்கிடம் இல்லாதவர்களுக்குக் காலாவது நன்றாக இருக்க வேண்டாமா? நான் மறுபடியும் முனை வைத்தேன்.

அடுத்த பெரட்டில் கண்டாக்கு என் முன்னால் வந்து கையை மட்டும் நீட்டினார். கத்தி என் மடியில் இருந்தது.

"குடுக்க மாட்டேங்க," என்றேன். "வேணும்னா நீங்களே எடுத்துக்கங்க."

அத்தனை ஆட்கள் முன்னால் ஒரு பெண்ணின் மடியில் கை வைக்க எந்த ஆண்பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? நீட்டிய கை அப்படியே நின்றது. என் நாத்தனார் கூடையோடு வந்து என் பக்கத்தில் நின்று, தன் மடியைப் பொத்திக்கொண்டாள். அவளிடம் கத்தியே கிடையாது. அவளுக்கு அடுத்து இன்னொருத்தி வந்து மடியைப் பொத்தினாள். பிறகு வரிசை முழுவதும். அத்தனை பேரையும் தோட்டத்தை விட்டு அனுப்பினால் கொழுந்து பறிக்க ஆள் ஏது?

கண்டாக்கு குறட்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொழுந்து மலைக்கு ஆள் பிரிக்க ஆரம்பித்தார்.