என்டியூரும் கறிச்சோறும்

நான் பள்ளிபாளையத்துல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் டீச்சர். 'என்டியூர்'ங்கிற வார்த்தைக்குப் 'பொறுத்துக்கொள்'னு போர்டுல எழுதிப் போட்ட அன்னைக்கு என் முன்பல்லு பாதிதான் இருந்துச்சு. மீதியை முந்தின நாள் என் புருசன் தறிக்கொட்டாய் கதவுல என் மூஞ்சிய மோதி உடைச்சிருந்தான். காரணம் கேக்காதீங்க. குழம்புல உப்பு கம்மி.

இடைவேளையில போன்ல தேடிப் பார்த்தேன். லத்தீன்ல இருந்து வந்த வார்த்தையாம். மொதல்ல கெட்டியாக்குறதுன்னுதான் அர்த்தமாம், அப்புறம்தான் தாங்கிக்கிறதுன்னு ஆச்சாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அடிக்கிறவன் அடிப்பான், வாங்குறவ கெட்டியாகணுமா? நல்லா இருக்குடா உங்க நியாயம்!

சாயங்காலம் புருசன் ஊட்டுக்குப் போகலை. நேரா மல்லசமுத்திரத்துல இருக்குற அப்பா ஊட்டுக்குப் பஸ் ஏறிட்டேன். இனி அங்க அனுப்புனா என்னைப் பொணமாத்தான் தூக்கணும்னு சொன்னேன். அம்மா அழுதுச்சு. அப்பா மட்டும், "கொஞ்சம் பொறுத்துக்க சாமி. ஆம்பளைன்னா கோவம் வரத்தான் செய்யும்"னாரு.

எங்க சனத்துல ஒரு வழக்கம். அடிபட்டு வந்த பொண்ணைத் திருப்பி அனுப்ப, மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கோழியடிச்சுக் கறிச்சோறு போடுவாங்க. அந்தப் பொண்ணுதான் பரிமாறணும். அவன் கை நனைச்சுட்டா சமாதானம் ஆயிருச்சுன்னு அர்த்தம். அன்னைக்கே அவன்கூட அவ கெளம்பணும்.

ஞாயித்துக்கிழமை வந்தான். "வாங்க மாப்பளைங்க, உக்காருங்க"ன்னு அப்பா தலைவாழை இலை போட்டாரு. நான் அடுப்புல இருந்து எறக்குன குழம்போட வந்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான்.

"எங்க, பல்லைக் காட்டுடி பாக்கலாம்."

குழம்பை ஊத்தக் குனிஞ்சேன். எட்டி என் மணிக்கட்டைப் புடிச்சு முறுக்கி, "ஊட்டுக்கு வா, மிச்சத்தையும் எடுத்துடறேன்"னான். அப்பாவுக்குக் காது நல்லாவே கேக்கும். அவர் இலையில உப்பு வெச்சுக்கிட்டு இருந்தாரு.

குழம்பை அவன் கையிலயே கவுத்தேன். அலறிக்கிட்டு எந்திரிச்சவன் மண்டையில கரண்டியாலயே போட்டேன். கரண்டி வளைஞ்சுது. மறுபடியும் போட்டேன். சத்தியமா சொல்றேன், ஆசை தீரலை.

அப்பா ஓடியாந்து அவன் கையில சொம்புத் தண்ணிய ஊத்திக்கிட்டே கதறுனாரு. "ஐயோ, மாப்பளைக்கு எப்படி எரியுதோ, இந்த வலிய எப்படித் தாங்குவாரு!"

எனக்குக் கல்யாணமாகி அத்தனை வருசத்துல, அப்பா ஊட்டுல ஒருத்தர் வலின்னு வாய் தொறந்து நான் கேட்டது அன்னைக்குத்தான். பையை எடுத்துக்கிட்டு சேலம் பஸ் ஏறுனேன். ரெண்டு ஊட்டுக்கும் இன்னைக்கு வரைக்கும் போகலை.